ஹென்றிக்குக் கிடைத்த வீடும் எங்களுக்கு வராத மே மாதமும்

மஞ்சக்குப்பத்தில் ஒரு வங்கி. வீட்டுக் கடன் கேட்டு நானும் என் இணையரும் உட்கார்ந்திருந்தோம். மேலாளர் நல்ல மனுசர்தான், குடிக்கத் தண்ணி எல்லாம் கொடுத்தார். தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். “எல்லாம் சரியா இருக்கு சார். மே மாசத்துச் சம்பளச் சீட்டு எங்க?”

மே மாதத்துக்குச் சீட்டு கிடையாது. மே மாதத்துக்குச் சம்பளமே கிடையாது. தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கவுரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய், வருசத்துக்கு 11 மாதம். ஜூனில் கல்லூரி திறந்து, மறுபடி ஆணை வந்தால் வேலை. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019லேயே எழுதி வைத்திருக்கிறது. அது தாளில் பத்திரமாக இருக்கிறது. என் இணையர் முனைவர் பட்டம் வாங்கி ஒன்பது வருசமாக இந்தக் கவுரவத்தில் இருக்கிறார். நான் எம்.ஏ. தமிழ். ஒரு தனியார் கல்லூரியில் தொகுப்பூதியத்தில் மூன்று வருசம் இருந்துவிட்டு, இப்போது இயக்க வேலை, மெய்ப்புத் திருத்தும் வேலை என்று கிடைத்ததைச் செய்கிறேன். கவுரவம் என்ற சொல் முன்னால் வந்து நின்றாலே நம் ஆட்களிடமிருந்து எதையோ பறிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். கொலை என்றால் உயிர், விரிவுரையாளர் என்றால் சம்பளம்.

சிதம்பரத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கும் ஒப்பந்தம் 11 மாதம்தான். ஒரு வருசத்துக்கு மேல் எழுதினால் பதிவு செய்ய வேண்டிவரும் என்பதற்காகப் பழைய காலத்திலிருந்து வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்து வைத்த கணக்கு அது. வேலையும் 11 மாதம், வீடும் 11 மாதம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான், கடனோ உடனோ சொந்தமாக ஒரு மனை வாங்கிவிடலாம் என்று கிளம்பினோம். அந்தக் கிளம்பலில்தான், நான் படித்த, பாடம் நடத்திய, அழுத சில எழுத்துகளை மறுபடி வாசிக்க வேண்டி வந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

வங்கியை விட்டு வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் நினைவு வந்தது, ஜெயகாந்தன் பிறந்தது இதே மஞ்சக்குப்பத்தில். 1973இல் வந்த அவருடைய ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலைத் தமிழில் மனிதநேயத்தின் உச்சம் என்று சொல்லிச் சொல்லியே எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். நானும் நம்பினேன். ஹென்றியைப் பிடிக்காத ஒருவரை இன்றைக்கும் நான் பார்த்ததில்லை.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கிருஷ்ணராஜபுரம் என்ற கிராமத்துக்கு ஹென்றி என்று ஒரு பையன் வந்து சேர்கிறான். பர்மாப் போர்க் காலத்தில் யாரோ பெற்று யாரோ விட்டுப்போன பிள்ளை. என்ன சாதி, என்ன மதம் என்று அவனுக்கே தெரியாது. அவனை எடுத்து வளர்த்த பப்பா சபாபதிப் பிள்ளை இந்த ஊர்க்காரர். மனைவி நாவிதரோடு போய்விட்ட அவமானத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரை விட்டுப் போனவர். அவர் செத்தபிறகு அந்தப் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் தேடித்தான் ஹென்றி வருகிறான். ஊர் கூடிப் பேசுகிறது. சபாபதிப் பிள்ளையின் தம்பி துரைக்கண்ணு மனம் இளகி அவனை அண்ணன் மகனாகவே ஏற்றுக்கொள்கிறார். ஹென்றி வீட்டைத் திறந்து, சுத்தம் செய்து, செப்பனிட்டுக் குடியேறுகிறான்.

சாதி இல்லாத மனிதனை ஒரு கிராமம் அணைத்துக்கொள்கிறது, எவ்வளவு பெரிய கனவு என்றார் எங்கள் பேராசிரியர். நானும் தேர்வில் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினேன். இப்போது எனக்குத் தோன்றுவது வேறு. ஹென்றிக்குச் சாதி இல்லை, சரி. அந்த வீட்டுக்குச் சாதி இருக்கிறது. அந்தத் தெருவுக்கு இருக்கிறது. பப்பா விட்டுப்போன காகிதத்துக்கும், பிள்ளை என்ற பட்டத்துக்கும் இருக்கிறது. ஒரு பிள்ளையின் வாரிசாக, ஒரு பிள்ளையின் வீட்டுக்குள், இன்னொரு பிள்ளை கைப்பிடித்துக் கூட்டிப் போவதால்தான் அவன் சாதியற்றவனாக இருக்க முடிகிறது. சாதி இல்லாமல் இருப்பதற்கும் ஒரு மூலப் பத்திரம் தேவைப்படுகிறது. அதே ஊர்ச் சேரியிலிருந்து ஒருவன், பட்டணத்தில் சம்பாதித்த பணத்தோடு வந்து, பூட்டிக் கிடக்கும் இந்த வீட்டை விலைக்குக் கேட்கிறேன் என்று சொல்லியிருந்தால்? துரைக்கண்ணு எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நாவல் அந்தப் பக்கத்தோடு முடிந்திருக்கும்.

இதை என் அம்மாவிடம் கதையாகச் சொன்னேன். அம்மா படிக்காதவர். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் நடவு நட்டு, களை பறித்து எங்களைப் படிக்க வைத்தவர். முழுசும் கேட்டுவிட்டு, “அந்தப் புள்ள நல்ல புள்ளதான். ஆனா அதுக்குப் பத்திரம் எழுதிக் குடுத்தவரு யாரு, அதப் பாரு. அதான உள்ள வுட்டானுவோ” என்றார். நான் இரண்டு வருசம் எம்.ஏ. படித்து எழுதியதை அம்மா ஒரு வாயில் சொல்லிவிட்டார்.

ஜெயகாந்தனைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல மனசுள்ள எழுத்துதான் அது. நல்ல மனசு எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது என்பதுதான் விசயம்.

அடுத்தது பாலு மகேந்திராவின் ‘வீடு’, 1988. இதை எழுத்து அல்ல, படம் என்று ஒதுக்க வேண்டாம். தமிழில் வீடு கட்டுவது பற்றி யார் பேசினாலும் இதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நாங்கள் மனை தேடுகிறோம் என்று தெரிந்ததும் மூன்று நண்பர்கள் சொன்னார்கள், “வீடு பாத்தீங்களா தோழர்? உங்க கதைதான்.” எங்கள் கதை இல்லை. சுதா என்ற அலுவலகத்துப் பெண், தங்கச்சி, தாத்தா. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வளசரவாக்கத்தில் குடும்பத்துக்கு இரண்டு மனை இருக்கிறது. ஒன்றை விற்று இன்னொன்றில் கட்டத் தொடங்குகிறாள். ஒப்பந்தக்காரன் ஏமாற்றுகிறான், கடனுக்கு அலைகிறாள், கட்டி முடியாத வீட்டைப் பார்க்க வந்த தாத்தா செத்துப்போகிறார், கடைசியில் அந்த நிலமே குடிநீர் வாரியத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது என்று வந்து நிற்கிறார்கள். அர்ச்சனாவும் சொக்கலிங்க பாகவதரும் அதில் நடித்தார்கள் என்றே சொல்ல முடியாது. அழாமல் பார்க்க முடியாத படம்.

ஆனால் முதல் கால் மணி நேரத்திலேயே ஒரு சொல் சாதாரணமாக வந்து போகிறது: மனை இருக்கிறது. குடும்பத்துக்கு மனை இருக்கிறது. அந்த ஒரு சொல்லின் மேல்தான் மொத்தப் படமும் நிற்கிறது. அதில் மங்கம்மா என்று ஒரு சித்தாள் வருகிறாள். சிமெண்டுத் திருட்டைக் காட்டிக்கொடுத்து, ஒப்பந்தக்காரனை எதிர்த்து நின்று, சுதாவின் வீட்டைத் தூக்கி நிறுத்துவது அவள்தான். பாசி சத்யா பண்ணியிருப்பார். அவள் நல்லவள், சூதுவாது தெரியாதவள், உழைப்பவள். நடுத்தர வர்க்கக் கலைக்கு உழைக்கும் பெண் எப்போதுமே அப்படித்தான் வேண்டும். மங்கம்மாவின் தாத்தாவுக்கு வளசரவாக்கத்தில் ஏன் மனை இல்லை என்பது படத்தின் கேள்வி ஆகவில்லை. அதைக் கேட்டால் அந்தப் படம் வேறு படமாகியிருக்கும். சுதாவின் அழுகையில் நானும் அழுதேன். அழுது முடித்துப் பார்த்தால் நான் மங்கம்மாவின் வீட்டுப் பெண்.

ஹென்றிக்குப் பப்பாவின் பத்திரம், சுதாவுக்குக் குடும்பத்து மனை. தமிழில் வீட்டுக் கதை என்றால் முந்தின தலைமுறை விட்டுப்போன ஒரு துண்டு நிலத்தில்தான் தொடங்குகிறது. அந்த நிலம் எப்படி அவர்கள் கையில் வந்தது என்று கதைக்குள் யாரும் கேட்பதில்லை. அது காற்று மாதிரி, தண்ணி மாதிரி இருக்கிறது.

எங்கள் தாத்தாக்களுக்கு ஏன் இல்லை என்பதற்கு மட்டும் பதிவு இருக்கிறது. செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கை பஞ்சமி நிலத்துக்காக எல்லாரும் மேற்கோள் காட்டுவது. அதில் குடியிருப்பைப் பற்றியும் இருக்கிறது. குடிசை நிற்கும் தரைகூடப் பறையருக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் குடிசையைப் பிரித்தெறிந்து வெளியே அனுப்பலாம், அதனால்தான் கூலியைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை என்று அந்த வெள்ளைக்காரர் கண்டார். வீட்டு மனை என்பது கூலியை அடக்கிவைக்கும் கயிறு. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டதற்காக 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு, 1971இல்தான் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது, மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்தத் தரை சொந்தம் என்று. அதாவது ஹென்றி கதை அச்சில் வருவதற்கு இரண்டே வருசம் முன்னால்தான், எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கால் வைத்திருக்கும் தரை சட்டப்படி சொந்தமானது. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பாடம் நடத்தியிருந்தால் நான் அந்த நாவலை வேறு மாதிரி படித்திருப்பேன்.

சிதம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு நந்தனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சேக்கிழார் ஆதனூர்ப் புலைப்பாடியை விவரிக்கும் இடத்தைப் பக்தியை ஒதுக்கிவிட்டுப் படியுங்கள். பழைய கூரை போட்ட சின்னச் சின்னப் புல் குடிசைகள், கூரைமேல் படர்ந்த சுரைக்கொடி, முற்றத்தில் தோல் வார், சுற்றித் திரியும் கோழிக் குஞ்சுகள், நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் இரும்பு வளை போட்ட கறுத்த பிள்ளைகள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு வேளாளப் புலவர் எங்கள் வீட்டைப் பார்த்திருக்கிறார், கூர்ந்து பார்த்திருக்கிறார். பார்த்தவர், அந்த வீட்டுக்காரனைச் சிதம்பரத்துக்குள் விடும்போது மட்டும் நெருப்பில் இறக்கி, பூணூல் போட்ட முனிவனாக்கி, உள்ளே அனுப்பி மறைய வைத்துவிட்டார். ஊருக்குள் வர உடம்பை மாற்ற வேண்டும். வந்தபிறகு தங்க முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதும்போது நந்தன் பண்ணையாள் ஆகிவிடுகிறான். சிதம்பரம் போக விடுப்புக் கேட்டால், நாற்பது வேலி நிலத்தையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். திருநாளைப்போவார் என்ற பெயரைச் சேக்கிழார் பக்தியாகச் சொல்கிறார். எனக்கு அது ஒரு வேலை நிபந்தனையாகக் கேட்கிறது. ஜூன் மாதம் வந்தால் என் இணையர் கல்லூரி அலுவலகத்து வாசலில் நின்று கேட்கிற பதில் அது: “நாளைக்கு வந்து பாருங்க சார், ஆர்டர் வந்துரும்.”

நந்தனை மறைய வைத்த ஊரிலேயே 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியவர் சுவாமி சகஜானந்தர். பிள்ளைகள் படிக்கப் பள்ளி, தங்க விடுதி. அவருடைய ஆன்மீகத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனால் சிதம்பரத்தில் எங்கள் பிள்ளைகள் ராத்திரி படுத்து, காலையில் எழுந்து, பகலில் படிக்க ஓர் இடம் வேண்டும் என்று யோசித்தாரே, அந்த யோசனைக்குப் பக்கத்தில் இலக்கியத்தில் ஒரு வரி இல்லை.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நம் எழுத்தில் வீடு எப்படி இருக்கிறது? எரிகிறது. அல்லது ஒழுகுகிறது. அல்லது அதை விட்டு ஓடிவருகிறோம். 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்ததிலிருந்து தெரு எப்படிச் சாதியால் பிரிந்து கிடக்கிறது என்பதை நாம் எழுதி நிறுவிவிட்டோம். அது பெரிய வேலை. ஆனால் குடிசைக்கும் மடத்துக்கும் போராட்டத்துக்கும் இடையில் இன்னொரு இடம் இருக்கிறது, அதற்குப் பெயர் போர்ஷன். மாடியில் ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, கீழே வீட்டுக்கார அம்மா. “சொந்த ஊர் எதுப்பா? ஊர்ல எந்தத் தெரு?” அந்தக் கேள்விக்கு ஒரு பதிலை யோசித்து வைத்துக்கொண்டு, பிள்ளைக்கும் அதே பதிலைச் சொல்லிக்கொடுத்து, கருவாடு வறுக்கும்போது ஜன்னலைச் சாத்தி, அம்பேத்கர் படத்தை உள் அறையில் மாட்டி. மேடையில் முழங்குகிற நாங்கள்தான் இதைச் செய்தோம். இரண்டாவது வாடகை வீட்டில் 14 மாதம் செய்தேன். நான் எழுதியதில்லை. எனக்குத் தெரிந்த யாரும் எழுதியதில்லை. வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதவில்லை. அடிபட்டதைச் சாட்சியமாகச் சொல்ல நம்மிடம் மொழி இருக்கிறது. ஒளிந்ததைச் சொல்ல இன்னும் மொழி வரவில்லை.

ராஜ் கௌதமன் இதற்கு மிகவும் கிட்டத்தில் வந்தவர். ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002) படித்த தலித் வேலைக்கு அலைவதை எந்தப் புனிதமும் பூசாமல், தன்னையே கேலி செய்துகொண்டு சொன்னது. 2024இல் அவர் போய்விட்டார். அவருக்குக் கடைசியில் நிலையான அரசு வேலை கிடைத்தது. அவருக்கு அடுத்து வந்த எங்களுக்குப் பட்டம் கிடைத்தது, வேலைக்குப் பதிலாகத் தொகுப்பூதியம் கிடைத்தது. அந்தக் கேலியை எங்கள் நிலைமைக்கு யார் எடுத்து எழுதப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

இமையத்தின் ‘கோவேறு கழுதைக’ளையும் (1994) இந்தக் கண்ணோடு மறுபடி படித்தேன். வந்த காலத்தில் நம் ஆட்களை ஒடுக்குகிறவர்களாகக் காட்டுகிறது என்று சண்டை நடந்த நாவல். சண்டையில் நியாயம் இருந்ததா என்று இன்றைக்கும் பேசலாம். ஆனால் ராத்திரியில் வீடு வீடாக நின்று சோறு எடுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்து ஆரோக்கியம், பறைத்தெருவின் தயவில் வாழ்கிறவள். ஊர்த் தெருவுக்கு நாம் எப்படியோ அப்படி நமக்கு அவள். போர்ஷனில் வீட்டுக்கார அம்மா என்னைக் கேட்ட கேள்வியை எங்கள் தெரு யாரைக் கேட்டது என்பதை நான் அந்த நாவலில்தான் பார்த்தேன். எங்களுக்கு மனைப்பட்டா வந்த வருசம் எங்கள் ஊர் வண்ணார் குடும்பத்துக்கு வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கல்வி இருந்தால் போதும், வேலை இருந்தால் போதும், வீடு தானாக வரும் என்று நம் கூட்டங்களில் பேசுகிறோம். சிதம்பரமே அதற்கு எதிர்ச்சாட்சி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நம்பி இந்த ஊரில் எத்தனை நகர் முளைத்தது என்று போய்ப் பார்க்கலாம். நிதி நெருக்கடி என்றார்கள், 2013இல் அரசு ஏற்றுக்கொண்டது. பிறகு உபரி என்று கணக்கெடுத்து ஆயிரக்கணக்கான ஆசிரியர்களையும் ஊழியர்களையும் தமிழ்நாடு முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். இங்கே வீட்டுத் தவணை, வேறு ஊரில் வாடகை. இது எல்லாச் சாதிக்கும்தான் நடந்தது. ஊரில் அப்பா நிலம் இருந்தவர் அதில் கொஞ்சம் விற்றுத் தவணையை முடித்தார். சம்பளம் ஒன்றை மட்டும் வைத்துக் கட்டியவர் என்ன செய்வார்? மற்றவர்களுக்கு வேலை ஆடினால் வீடு தாங்குகிறது. நமக்கு வேலைதான் வீட்டைத் தாங்க வேண்டும், அந்த வேலையோ மே மாதத்தில் இருப்பதில்லை.

கட்டினாலும் என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2012 நவம்பர் 7இல் தர்மபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொள்ளையடித்துக் கொளுத்தினார்கள். காதல் திருமணம் காரணம் என்றார்கள். எரிந்தவற்றில் பெங்களூருக்குப் போய் உழைத்துச் சம்பாதித்த காங்கிரீட் வீடுகள் இருந்தன. பீரோ, வண்டி, டிவி, சான்றிதழ் எல்லாம் போனது. கீழ்வெண்மணியில் கூலி கேட்டதற்காக. இங்கே கூலியை வீடாக்கியதற்காக.

இனி எங்கள் கணக்கு. அம்மா பெயரில் காலனியில் ஒரு மனை இருக்கிறது, ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த நிபந்தனைப் பட்டா. அதில் கட்டிக்கொள்ளுங்கள் என்கிறார் அம்மா. வங்கி அதை ஈடாக வாங்க மறுக்கிறது, விற்க முடியாத நிலத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது என்று கேட்கிறது. அந்த நிபந்தனை நிலம் நம் கையை விட்டுப் போகாமல் இருக்கப் போட்டது, அது இருக்கத்தான் வேண்டும். அதே நிபந்தனையால் கடன் கிடைக்காது. இதற்கு யார்மேல் கோபப்படுவது என்று இணையரும் நானும் ஒரு ராத்திரி முழுக்க வாதாடினோம். அம்மா நடுவில் எழுந்து, “தூங்குங்க. நெலம் எங்கயும் போவாது” என்றார்.

இன்னொரு வழி, வயலை மனையாக்கிப் போட்ட ஒரு நகரில் 1,200 சதுர அடி. தனியார் நிதி நிறுவனம் மே மாதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், வட்டியை ஏற்றிக் கொடுக்கத் தயாராக இருக்கிறது. நிரந்தர வேலையில் இருக்கும் ஒருவரின் ஜாமீன் வேண்டும். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அப்படி ஒருவர்தான் உண்டு, என் பெரியப்பா மகன், போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநர். அண்ணன் ஒரு பேச்சு இல்லாமல் சரி என்றது. அண்ணிக்குச் சம்மதமில்லை. அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள்.

தரகர் போனவாரம் கூப்பிட்டார். மனை ரெடி, மூலப் பத்திரம், வில்லங்கம் எல்லாம் சுத்தம் என்றார். பிறகு கொஞ்சம் இழுத்து, “ஒண்ணும் தப்பா நினைக்காதீங்கம்மா, பக்கத்து மனைக்காரங்க கேட்டாங்க. நீங்க எந்த ஊரு?” என்றார். இந்தமுறை யோசித்து வைத்திருந்த பதிலைச் சொல்லவில்லை. ஊரையும், ஊரில் எந்தத் தெரு என்பதையும், அப்பா பெயரையும் சொன்னேன். “சரிம்மா, திருப்பிக் கூப்புடுறேன்” என்று வைத்தார். இன்றோடு ஒன்பது நாள். கல்லூரியிலிருந்தும் இன்னும் ஆணை வரவில்லை.